காலி பஸ்ஸுக்கு முன்னால்

சகாயராணி லேசில் யார்மேலும் வஞ்சம் வைக்கிறவள் இல்லை. கட்டினவன் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டபோதுகூட, தொலையட்டும் என்று கைகழுவிவிட்டு மாத்திரை கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். ஆனால் மினி பஸ் சிவப்பிரகாசத்தின்மேல் வைத்தாள். வைத்த பிறகு அதை ஒரு நாளும் ஆறவிடவில்லை. அடுப்பில் தணலை மூடி வைப்பதுபோல மூடி வைத்து, காலையில் எழுந்ததும் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்வாள்.

செல்லிப்பாக்கம் சோரியாங்குப்பத்துக்கு இந்தப்பக்கம், புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடைக்கோடியில் இருக்கிறது. ஏரிக்கு ஒருபக்கம் ஊர், கரையைத் தாண்டினால் காலனி. முன்பெல்லாம் காலையில் ஒரு அரசு பஸ் ஏரிக்கரைமேல் ஏறி இறங்கி, காலனிக்குள் வந்து, சூசையப்பர் கோயில் எதிரில் வளைந்து நிற்கும். சகாயராணி அதில்தான் கம்பெனிக்குப் போவாள். மகள் சுவேதா அதில்தான் டவுனில் நர்சிங் படிக்கப் போவாள். சிவப்பிரகாசத்தின் மினி பஸ்கள் இரண்டும் ஊர்ப்பக்கத்துக் கூட்டு ரோட்டிலிருந்து கிளம்பும். கரையைத் தாண்டிக் காலனிக்கு அவை ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், கரை பஸ்ஸின் கனத்தைத் தாங்காது என்பார். அதே கரைமேல்தான் அவருடைய கரும்பு லாரி சுமையோடு போகும். கரும்பென்றால் தாங்குகிற கரை, காலனி ஆட்கள் என்றால் தாங்காது போலிருக்கிறது.

அந்த அரசு பஸ் எப்படி நின்றது என்பதுதான் கதை. அதற்கு முன் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலனியில் இருப்பவர்கள் 'ஊர்' என்று சொன்னால், அது அவர்கள் குடியிருக்கிற இடம் இல்லை. ஏரிக்கு அந்தப்பக்கம் இருப்பதுதான் ஊர். ஊரில் திருவிழா, ஊரில் ஒரு சாவு, ஊரில் நடவுக்குக் கூப்பிட்டார்கள் என்பார்கள். தாங்கள் இருப்பது காலனி. சர்க்கார் காகிதத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே கிராமம்தான், ஆனால் நாக்குக்குக் காகிதம் தெரியாதே. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பேச்சில்லை அது. பிறந்த குழந்தை கேட்டுக் கேட்டுப் படிந்த பேச்சு.

டவுனில் வண்டி நெரிசல் தாங்கவில்லை என்று புதுத் திட்டம் ஒன்று போட்டார்கள். மத்திய சர்க்கார் பணத்தில் கரன்ட் பஸ் வரப்போகிறது. கேட்கிற எல்லா ரூட்டுக்கும் கொடுக்கப் பணம் போதாது. ஆகவே ஆள் ஏறுகிற ரூட்டுக்குத்தான் பஸ், ஆள் ஏறாத ரூட்டை இப்போதே வெட்டிவிட்டால்தான் அடுத்த தவணைப் பணம் வரும் என்று மேலே இருப்பவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எது ஏறுகிற ரூட், எது ஏறாத ரூட் என்று பார்க்க வடக்கேயிருந்து ஒரு கம்பெனி ஆள் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் வராது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி, மொழிபெயர்க்க நான் வருகிறேன் என்று சிவப்பிரகாசம் தானாக முன்வந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார், காரில் வைத்துச் சுற்றிக் காட்டினார்.

கோயில் எதிரில் பஸ்ஸுக்கு நின்றிருந்த சகாயராணியிடம் காரை நிறுத்தினார்கள். வடக்கத்தி ஆள் ஏதோ கேட்டார். சிவப்பிரகாசம் அதைத் தமிழில் கேட்டார்.

"ராணி, ஊர்ல எத்தினி பேரு இந்த கவர்மெண்டு பஸ்ல ஏர்றாங்க?"

சகாயராணிக்குச் சிரிப்பு வந்தது. "ஊர்லயா? ஊர்ல யாருங்கய்யா ஏர்றாங்க? எல்லார் வூட்லயும்தான் வண்டி நிக்குதே."

அவர் தலையாட்டிவிட்டு வடக்கத்தி ஆளிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்த ஆள் டேப்லெட்டில் தட்டினார். கார் போய்விட்டது. காலனியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லையே என்று இவளுக்கு உறைப்பதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு தவளையின் வாயால் ஒரு காலனியே கெட்டது. சில வாரங்களில் அரசு பஸ் நின்றுபோனது. ஏன் என்று கேட்கப் போனவர்களிடம், உங்கள் ஊர்ப் பெண்ணே ஒருவரும் ஏறுவதில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்று டிப்போவில் கையை விரித்தார்கள். சிவப்பிரகாசம் அதோடு விட்டிருந்தாலாவது போகிறது, தெரியாமல் நடந்த பிழை என்று சகாயராணி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அவரோ கூட்டு ரோட்டு டீக்கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் ஒரு வார்த்தை கேட்டேன், அவள் ஒரு வார்த்தை சொன்னாள், கவர்மெண்டு பஸ் போயே போச்சு என்றாராம். அந்தச் சிரிப்பு சாயங்காலத்துக்குள் ஏரியைத் தாண்டிக் காலனிக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து காலனியில் அவளால் தலைகாட்ட முடியவில்லை. குழாயடியில் பேச்சு நின்றது. பூசைக்குப் போனால் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. உன் திருவாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று ராமு முகத்துக்கு நேரே கேட்டான். கட்டட வேலைக்கு டவுனுக்குப் போகிறவன் அவன், பஸ் போனதில் அவன் வயிறும் எரிந்தது. பெரிய அடி சுவேதாவுக்குத்தான் விழுந்தது. கரைமேல் நடந்து கூட்டு ரோட்டுக்குப் போனால், மினி பஸ் நிரம்பி வழியும்வரை அசையாது. ஊர்க்காரர் யாராவது வந்தால் காலனிப் பெண்ணை எழுப்பி இடம் கொடுக்கச் சொல்வான் கண்டக்டர். கல்லூரிக்குத் தினமும் லேட். கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அட்டெண்டன்ஸ் போதவில்லை என்று பரீட்சை எழுத விடவில்லை. ஒரு வருஷம் அப்படியே மண்ணாய்ப் போயிற்று. இப்போது தன்னைவிடச் சின்னப் பெண்களோடு அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து, படிக்கட்டில் நின்றபடி அதே மினி பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.

மகள் அழுதிருந்தால்கூடச் சகாயராணி தாங்கியிருப்பாள். அவள் அழவில்லை. பரீட்சை நடந்த நாட்களில் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அன்றுதான் சகாயராணி முடிவெடுத்தாள், இந்த ஆளை ஒருநாள் ரோட்டில் நிறுத்தாமல் சாவதில்லை என்று.

காலம் அவளுக்கு வாசல் தேடி வந்தது. திட்டத்தின் அடுத்த கட்டம் என்று பாகூரில் ஒரு கூட்டம் போட்டார்கள். பஸ்ஸைத் திருப்பி விடச் சொல்லிக் கேட்கலாம் என்று அவளும் போனாள். மணிபாரதி என்று ஒரு அதிகாரி வந்திருந்தார். சாந்தமான மனிதர், தமிழும் நன்றாகப் பேசினார். இவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய கணக்கு மேலே போய்விட்டது, அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆனால் இந்த ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர்களை வருகிற திங்கட்கிழமை எண்ணப்போகிறோம், ஆள் நிறைய ஏறினால் இந்த ரோடு திட்டத்தில் சேர்ந்துவிடும், சேர்ந்தால் புது பஸ் வரும் என்றார்.

யாருடைய பஸ் என்று கேட்டாள்.

இப்போது ஓட்டுகிறவருக்குத்தான் முன்னுரிமை என்றார் மணிபாரதி. அதையே பிறகு மைக்கிலும் எல்லாருக்கும் விளக்கினார். தனியார் பஸ்காரர்களும் சேரலாம். புது பஸ் வாங்க உதவி உண்டு. அதன்பிறகு ஓடுகிற கிலோமீட்டருக்கு சர்க்கார் பணம் கொடுத்துவிடும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும். ஆனால் ரூட் தேர்வாக வேண்டுமானால் முதலில் ஆள் ஏறுவதைக் காட்ட வேண்டும். கதவில் மெஷின் வைப்போம், படியேறுகிறவரைத்தான் அது எண்ணும்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிவப்பிரகாசத்தின் முகம் கல்யாண வீடாக மலர்ந்ததைச் சகாயராணி பின்னாலிருந்து பார்த்தாள். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்! அவருடைய மினி பஸ்கள் இரண்டும் கிழடு. அடுத்த எஃப்.சி. தகுதிச் சோதனைக்கு நிற்காது என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டான். புது பஸ் வாங்க வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காலனிக்காரர்கள் இல்லாமல் அவர் பஸ்ஸில் ஏற ஆள் ஏது என்பது மட்டும்தான் பாக்கி. ஊரில் எல்லார் வீட்டிலும் வண்டி நிற்கிறது. அதைச் சகாயராணி ஏற்கெனவே சொல்லித்தான் இருந்தாள்.

சனிக்கிழமை சிவப்பிரகாசம் காலனிக்கு வந்தார். புல்லட்டை விட்டு இறங்கவில்லை. கோயில் எதிரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ராமுவை விட்டு அவளைக் கூப்பிடச் சொன்னார். மாத்திரை கம்பெனிப் பெண்களெல்லாம் அவள் பேச்சைக் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே, எல்லாருக்கும் நல்லது நடக்கப்போகிறது, திங்கட்கிழமை ஒருநாள் யாரும் லீவு போடாமல், லிஃப்ட் கேட்டுப் போகாமல் வந்துவிட வேண்டும், டிக்கெட்கூட வேண்டாம் என்றார். ஐயா அவ்வளவு பெரிய மனசு வைத்தார்.

சகாயராணி தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்திருந்தால் கண் காட்டிக்கொடுத்திருக்கும்.

"கவலப்படாதீங்கய்யா. திங்கக்கெழம ஒருத்தர் பாக்கியில்லாம ரோட்டுக்கு வந்துடுறோம்."

வார்த்தையில் ஆளைப் பிடிக்கிற வித்தையை அவரிடமிருந்தே கற்றிருந்தாள். அவர் திருப்தியாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது கோயில் வாசலில் நின்று பேசினாள். சிவப்பிரகாசமே இவளைத் தேடி வந்தாரே, என்ன சங்கதி என்று, பேச்சை விட்டிருந்தவர்களும் நின்று கேட்டார்கள். மாரியம்மன் கோயில் தெருக்காரர்களையும் வரச்சொல்லியிருந்தாள். நாளைக்கு யாரும் அந்தப் பஸ்ஸில் ஏறக் கூடாது. வேலைக்குப் போகாமலும் இருக்கக் கூடாது. எல்லாரும் பாகூர்வரை நடக்க வேண்டும், அந்தப் பஸ்ஸுக்கு முன்னால், அதே ரோட்டில். இதுதான் அவள் சொன்னது.

முதலில் எகிறியவன் ராமுதான். "இன்னா பேசுற நீ? ஏறுனா இந்த ரோட்டுக்கு பஸ்ஸு வரும். அவன் பேர்ல வந்தா இன்னா, யார் பேர்ல வந்தா இன்னா, நமக்கு வண்டி வருதில்ல? எதிராளிக்குச் சகுனம் கெடணும்னு ஒருத்தன் மூக்க அறுத்துக்கினானாம், அந்தக் கதையால்ல இருக்குது."

"ஆமாம், அந்தக் கதைதான்," என்றாள் சகாயராணி. "என் மூக்கு அறுந்துதான் கெடக்குது. இனிமே எதுக்கு பயப்படணும்? நம்ம பஸ்ஸத் திருடுனவனுக்கு நாமளே ஏறிக் குந்திக்கினு சர்க்கார்கிட்ட பஸ்ஸு வாங்கிக் குடுக்கணுமா? அந்தப் புது பஸ்ஸும் கூட்டு ரோட்லதான் நிக்கும். அதுலயும் நம்ம பொண்ண எழுப்பித்தான் வுடுவான்."

கடைசிப் பேச்சு வேலை செய்தது. எழுப்பிவிடப்படாத ஆள் அங்கே யாரும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு எழுந்து நின்றவள் இருந்தாள். கால் உடைந்து கட்டுப்போட்டு நின்றவன் இருந்தான். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கோபம் அடுப்பு மாறி அடுப்பு பற்றியது. ராமுவே கடைசியில், சரி, நடந்து போய் லேட்டாகி நாளைக்கு என் கூலியும் போகட்டும் என்றான். சுவேதா கோயில் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகளும் தன் பக்கம்தான் என்று சகாயராணி எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் கூட்டு ரோட்டில் மினி பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டாததுதான் குறை. கழுவி, சந்தனப்பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மணிபாரதி கதவோரம் மெஷினை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். காலனிக்காரர்கள் ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்தார்கள். அறுவடைக்குப் போகிறவர்கள், கம்பெனிப் பெண்கள், கொத்தனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு தேர்க்கூட்டம். சிவப்பிரகாசம் படிக்கட்டுப் பக்கம் நின்று, வாங்க வாங்க என்று கும்பிட்டார். காலனி ஆட்களை அவர் கும்பிட்டதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

கூட்டம் பஸ்ஸைத் தொட்டுக்கொண்டு வந்தது, பஸ்ஸைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. கண்டக்டர் படியிலிருந்து குதித்து, பாகூர் பாகூர் என்று கத்தினான். ஒருவரும் திரும்பவில்லை. பஸ் கிளம்பியது. கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகிற ஒற்றை ரோடு அது, ஒதுங்க இடம் கிடையாது. ரோடு முழுக்கக் காலனி நடந்தது. பின்னால் மாலை போட்ட பஸ் ஊர்ந்தது. உள்ளே அதிகாரியும், சிவப்பிரகாசமும், அவர் வீட்டிலிருந்து ஒப்புக்கு ஏற்றிவிட்ட சொந்தக்காரர்கள் சிலரும்தான். அதில் கிளிப்பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி மறுபடி ஏறிக்கொண்டிருந்தாள். மெஷினை ஏமாற்றினாளே தவிர, எதிரில் உட்கார்ந்திருந்த மணிபாரதியை ஏமாற்ற முடியவில்லை. அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போதும்மா, முட்டி வலிக்கப்போகிறது என்றாராம்.

டிரைவர் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. சிவப்பிரகாசம் ஜன்னலில் தலையை நீட்டி, ஏறுங்கடி, ஏறுங்கடா என்று கும்பிடு மறந்து பழைய பாஷைக்கு வந்துவிட்டார். அப்போது சகாயராணி நின்றாள். அவள் நிற்க, கூட்டமும் நின்றது, பஸ்ஸும் நின்றது. திரும்பி ஜன்னல் பக்கம் வந்தாள். ஐயா என்றும் முதலாளி என்றும் தவிர அந்த ஆளை அந்தப் பக்கத்தில் யாரும் கூப்பிட்டதில்லை.

"சிவப்பிரகாசம்," என்றாள். "ஆரன் அடிக்காத. ரோட்டுக்கு வர்றோம்னு சொன்னேன், வந்துட்டோம்."

அந்தப் பேரைச் சொன்னபோது நெஞ்சுக்குள் இறங்கிய குளிர்ச்சி இருக்கிறதே, அது வேறெந்தத் தண்ணீரிலும் கிடைக்காது. ஒரு வருஷத்துத் தணல் அந்த ஒரு வார்த்தையில் அணைந்தது. அவர் தலையை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டார்.

மணிபாரதி இறங்கி வந்தார். ஏன் ஏறவில்லை என்று கேட்டார். சகாயராணி எல்லாவற்றையும் சொன்னாள், இந்தமுறை நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். இத்தனை பேர் நடந்து போவதை என் கண்ணால் பார்க்கிறேன், ஆனால் நடக்கிறவர்களை எண்ண இதில் வழியே வைக்கவில்லையம்மா என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தத்தையும் எண்ண அந்த மெஷினில் வழி இல்லை.

பட்டியல் வந்தபோது அந்த ரோடு அதில் இல்லை. எஃப்.சி. முடிந்து மினி பஸ்கள் இரண்டும் கரும்புக் கொல்லை ஓரம் நின்றன. சக்கரத்தைக் கோழிகள் கொத்தின. வண்டி ஓட்டத் தெரியாத ஊர்க்காரப் பெண்களும் முட்டிவலிக் கிழவர்களும் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடந்து சிவப்பிரகாசத்தை வாயாரத் திட்டினார்கள். சகாயராணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு பஸ்ஸையும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போவாள். குழாயடியில் அவளுக்கு இப்போது முதல் குடம். பூசையில் பெஞ்சு நிறைந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவர் வந்தார். புல்லட் இல்லாமல் நடந்து வந்தார். ஆள் இளைத்திருந்தார். வாசலில் நின்றபடி கேட்டார்.

"எனக்கும் பஸ்ஸு இல்ல, ஒனக்கும் பஸ்ஸு இல்ல. இதுல இன்னாத்த கண்ட நீ?"

சகாயராணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எனக்கு முன்னாடியே இல்ல. இப்பத்தான் ஒனக்கும் இல்ல."

அவர் ஏரிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தார். அவர் முதுகு கரையேறி மறையும்வரை அவள் ஆசைதீரப் பார்த்தாள். இதற்குமேல் இந்த ஜென்மத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள்.

வீட்டுக்குள்ளிருந்து சுவேதா வெளியே வந்தாள். வெள்ளைச் சீருடை கையில் மடித்திருந்தது. இந்த வாரமும் இரண்டு நாள் கேட் பூட்டிய பிறகுதான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.

"எனக்கு இருந்துதும்மா," என்றாள். "நின்னுக்கினாவது போய்க்கினு இருந்தேன்."

சகாயராணியின் கை முறத்தில் நின்றது. அந்த ஆளுக்குச் சொன்ன மாதிரி சட்டென்று ஒரு வார்த்தை மகளுக்குச் சொல்ல வரவில்லை. செய்ததற்கு வருத்தமும் வரவில்லை. இன்னொருமுறை அந்தத் திங்கட்கிழமை வந்தாலும் அப்படியேதான் செய்வாள், அது அவளுக்கே தெரிந்தது. அதைத்தான் மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் விடியும்போதே இரண்டு பேரும் கிளம்பி ஏரிக்கரைமேல் நடந்தார்கள். சுவேதா விறுவிறுவென்று முன்னால் போனாள். அம்மா பின்னால் வருகிறாளா என்று ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.